பழந்தின்னி வௌவால்களின் உறவுமுறையும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழந்தின்னி வௌவால் என்று எவற்றைச் சொல்கிறோம்?

டெரோபோடிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவற்றை மட்டும். அதில் ஏறத்தாழ 200 இனங்கள். ஆப்பிரிக்கா, ஆசியாவின் வெப்பப் பகுதிகள், ஆஸ்திரேலியா, இந்தியப் பெருங்கடல் தீவுகள், பசிபிக் தீவுகள் என்று பரவியிருக்கின்றன. அமெரிக்கக் கண்டங்களிலும் பழம் தின்னும் வௌவால்கள் உண்டு, ஆனால் அவை வேறு குடும்பம். சாப்பாடு ஒன்றாக இருந்தால் உறவாகிவிடாது. இந்தப் பக்கம் முழுக்க அந்தப் பாடம்தான் வேறு வேறு வடிவில் திரும்பத் திரும்ப வரும்.

அளவிலும் இவை ஒரே மாதிரி இல்லை. டெரோபஸ், அசெரோடான் பேரினங்களில் ஒரு கிலோவைத் தாண்டும் எடையும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இறக்கை விரிப்பும் கொண்டவை இருக்கின்றன. மறுபக்கம், பதினைந்து கிராம் அளவில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் தேனுண்ணிகளும் இதே குடும்பம்தான்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏவா?

ஆமாம். செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் சிறு உறுப்பு மைட்டோகாண்ட்ரியா. அதற்குள் வளையமாக ஒரு சிறிய டிஎன்ஏ இருக்கிறது. செல்லின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. பழந்தின்னி வௌவாலின் உட்கரு டிஎன்ஏ சுமார் 200 கோடி எழுத்து நீளம். இந்த வளையம் பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்துதான். மனிதனுக்கு 16,569. அதற்குள் 37 மரபணுக்கள்: புரதம் தயாரிப்பவை 13, கடத்து ஆர்என்ஏக்கள் 22, ரைபோசோம் ஆர்என்ஏக்கள் 2. இவற்றோடு, எந்தப் புரதத்தையும் தயாரிக்காத கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்று. கங்காரு போன்ற பைப்பாலூட்டிகளில் வரிசை சற்று மாறும்; மற்றப் பாலூட்டிகளில் பொதுவாக இதே பட்டியல், இதே வரிசை. இந்த இனத்தில் அந்த மரபணு எங்கே போயிற்று என்று தேடி அலைய வேண்டியதில்லை.

200 கோடி எழுத்தை விட்டுவிட்டு இந்தச் சிறு வளையத்தை ஏன் பிடித்துக்கொண்டார்கள்?

முதல் காரணம் வசதி. உட்கரு மரபணு ஒரு செல்லில் இரண்டே பிரதி. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், சில திசுக்களில் ஆயிரக்கணக்கில். மாதிரி பழையதாக இருந்தாலும், பாதி கெட்டுப்போயிருந்தாலும், ஏதோ ஒரு பிரதி கைக்குக் கிடைக்கும்.

அடுத்தது வேகம். பாலூட்டிகளில் இது உட்கரு டிஎன்ஏவைவிடப் பல மடங்கு வேகமாக மாறுகிறது என்பதை 1979இல் வெஸ்லி பிரவுனும் ஆலன் வில்சனும் அவர்களோடு இருந்தவர்களும் காட்டினார்கள். சில லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரண்டு இனங்களை உட்கரு மரபணு ஒன்று பிரித்துக் காட்டாமல் போகலாம். மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் அதே காலத்துக்குள் தடயம் விழுந்திருக்கும்.

மூன்றாவது, இது தாயிடமிருந்து மட்டும் வருகிறது. விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியா கருமுட்டைக்குள் போனாலும் அங்கே அழிக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே தாய், தந்தை டிஎன்ஏக்கள் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்து சேர்வது இங்கே நடப்பதில்லை. மகள், தாய், பாட்டி, பூட்டி என்று ஒரே நூலாகப் பின்னோக்கிப் போகலாம்.

1989இல் தாமஸ் கோச்சரும் சக ஆய்வாளர்களும் பல்வேறு விலங்குகளில் வேலை செய்யக்கூடிய பொதுவான பிரைமர்களை, அதாவது வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டு நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளை, வெளியிட்டார்கள். டிஎன்ஏ துண்டை நகலெடுக்கும் பிசிஆர் இயந்திரமும் அப்போதுதான் ஆய்வகங்களுக்குள் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு இந்த வேலை சூடுபிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால், 1990களில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ‘மிகச் சிறந்த’ சான்று என்பதைவிடக் ‘கைக்கு எட்டிய’ சான்று என்பதே பொருந்தும்.

உருவத்தை வைத்தே உறவைச் சொல்ல முடியாதா? பல்லும் மண்டையோடும் போதாதா?

நூறு வருடம் அப்படித்தான் செய்தார்கள், பெரும்பகுதி சரியாகவும் செய்தார்கள். க்னூட் ஆண்டர்சன் 1912இல் வெளியிட்ட பழந்தின்னி வௌவால் அட்டவணையை இன்றைக்கும் புரட்டுகிறோம். ஆனால் உருவம் ஏமாற்றும் இடங்கள் உண்டு.

தேனுண்ணி வௌவால்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட முகம், நீண்ட நாக்கு, நாக்கின் நுனியில் தூரிகை மாதிரி முட்கள், ஒல்லியான தாடை, சிறுத்த பற்கள். ஆசியாவின் மேக்ரோகுளோசஸ், சைகோனிக்டெரிஸ், குகையில் வாழும் இயோனிக்டெரிஸ், ஆப்பிரிக்காவின் மெகலோகுளோசஸ் எல்லாமே இப்படித்தான் இருக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே துணைக்குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

1997இல் லாரா ஹோலரும் மார்க் ஸ்பிரிங்கரும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்களை ஒப்பிட்டார்கள். மெகலோகுளோசஸ் ஆசியத் தேனுண்ணிகளோடு சேரவில்லை. ஆப்பிரிக்காவில் அதே காட்டில், நாக்கு நீளாமல் பழம் தின்றுகொண்டிருக்கும் வௌவால்களின் கூட்டத்தில் போய் உட்கார்ந்தது. அதாவது ஆப்பிரிக்காவுக்கென்று தனியாக ஒரு கிளை இருக்கிறது. அந்தக் கிளைக்குள்ளேயே ஒரு வௌவால் தனியாகத் தேனுக்கு மாறி, நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. இயோனிக்டெரிசும் பின்னால், பழம் தின்னும் ரூசெட்டஸ் பேரினத்தின் பக்கம் போய்விட்டது. நீண்ட நாக்கு ஒரு தடவை தோன்றிய பரம்பரைச் சொத்து இல்லை. பூவுக்குள் தலையை விட வேண்டியிருந்தவர்கள் தனித்தனியாகச் சம்பாதித்தது.

இன்னொன்று, அங்கோலென்சிஸ் என்ற ஆப்பிரிக்க வௌவால். பார்ப்பதற்கு ரூசெட்டஸ் மாதிரி இருந்ததால் நெடுங்காலம் அந்தப் பேரினத்துக்குள்ளேயே லிசோனிக்டெரிஸ் என்ற துணைப் பேரினமாக வைத்திருந்தார்கள். டிஎன்ஏ அதை ஆப்பிரிக்கக் கிளையில் இருக்கும் மயோனிக்டெரிஸ் என்ற பேரினத்தின் பக்கம் இழுத்தது. இப்போது அதன் பெயரே மயோனிக்டெரிஸ் அங்கோலென்சிஸ். பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது ஒரே விலங்கு மூன்று பேரினப் பெயர்களில் வரும்; குழம்ப வேண்டாம்.

பழந்தின்னி வௌவால்கள் குரங்கின் உறவு என்று எங்கோ படித்தேனே?

படித்திருப்பீர்கள். 1986இல் ஆஸ்திரேலிய நரம்பியலாளர் ஜான் பெட்டிகுரு அப்படி ஒரு கருத்தை முன்வைத்தார். கண்ணிலிருந்து நடுமூளைக்குப் போகும் நரம்புகள் பழந்தின்னி வௌவால்களில் இணைந்திருக்கும் விதம், குரங்குகளில் இருப்பது மாதிரியே இருந்தது. பூச்சி தின்னும் சிறு வௌவால்களில் அப்படி இல்லை. ஆகவே பறத்தல் இரண்டு தடவை தோன்றியது, பழந்தின்னிகள் ‘பறக்கும் குரங்கினங்கள்’ என்றார். இதைக் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. மூளையின் இணைப்பு சாமானியமாக மாறுகிற விஷயம் இல்லை என்பது நியாயமான வாதம்தான்.

இதைச் சோதிக்க மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பயன்பட்டது. 1991இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் ஒன்று 12எஸ் என்ற ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவையும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் ஒன்று என்ற புரத மரபணுவையும், மற்றொன்று சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் இரண்டையும் ஒப்பிட்டது. இரண்டிலும் பெரிய வௌவால், சிறிய வௌவால் எல்லாம் ஒரே கிளையில் சேர்ந்தன. குரங்குகள் தனியே நின்றன. பெட்டிகுரு விடவில்லை. வௌவால்களின் டிஎன்ஏவில் ஏ, டி எழுத்துகள் கூடுதல், பறப்பதற்கான ஆற்றல் தேவையால் இரண்டு குழுவிலும் அது தனித்தனியாக ஏறியிருக்கலாம், அந்தப் பொய்ச் சாயல்தான் அவற்றை ஒன்றாகக் காட்டுகிறது என்றார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்காகவே எழுத்து விகிதத்தைச் சரிக்கட்டும் கணக்குமுறைகளோடு திரும்பவும் சோதித்தார்கள். வௌவால்கள் பிரியவில்லை. 2000இல் மசாட்டோ நிக்காய்டோ குழு ரியுக்யு பழந்தின்னியின் முழு மைட்டோகாண்ட்ரியா வளையத்தையும் வரிசைப்படுத்தியபோதும், அதாவது எழுத்து எழுத்தாகப் படித்தபோதும், அதே முடிவு.

கதையில் ஒரு திருப்பம் பாக்கி இருக்கிறது. பெரிய வௌவால் ஒரு பக்கம், சிறிய வௌவால் எல்லாம் மறு பக்கம் என்ற பழைய பிரிவும் நிலைக்கவில்லை. எம்மா டீலிங், ஸ்பிரிங்கர் முதலியோர் 2000 முதல் 2005 வரை உட்கரு மரபணுக்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், பழந்தின்னிகளுக்கு நெருங்கிய சொந்தம் குதிரைலாட வௌவால்களும் அவற்றைச் சேர்ந்தவையும் என்று தெரிந்தது. குதிரைலாட வௌவால் மூக்கால் ஒலி எழுப்பி எதிரொலியில் இரை தேடுவதில் கெட்டிக்காரன். பழந்தின்னியோ கண்ணையும் மூக்கையும் நம்பி வாழ்வது. ரூசெட்டஸ் மட்டும் நாக்கைச் சொடுக்கி ஒலி எழுப்பிக் குகை இருட்டில் வழி கண்டுபிடிக்கும். இந்த ஜோடியைப் பார்த்தால் நம்பவே தோன்றாது, ஆனால் உறவு அதுதான்.

எந்த மரபணுவை எடுப்பது?

கேள்வியைப் பொறுத்தது. ஒரே இனத்துக்குள் எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்குப் போனது என்று பார்க்க, வேகமாக மாறும் கட்டுப்பாட்டுப் பகுதி. நெருங்கிய இனங்களுக்கு இடையே என்றால் சைட்டோகுரோம் பி என்ற புரத மரபணு. சுமார் 1,140 எழுத்து, வௌவால் ஆய்வுகளில் அதிகம் புழங்குவது, ஆகவே ஒப்பிட ஆள் கிடைக்கும். பேரினங்களுக்கு மேலே போக வேண்டுமானால் மெதுவாக மாறும் 12எஸ், 16எஸ் என்ற ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்கள். சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் ஒன்றின் முதல் 650 எழுத்துச் சொச்சத்தை 2003இல் பால் ஹெபர்ட் இன அடையாளப் பட்டை போல முன்மொழிந்தார். ‘இது எந்த இனம்’ என்ற கேள்விக்கு அது நல்லது. ‘யாருக்கு யார் சொந்தம்’ என்பதற்கு அத்தனை நீளம் போதாது.

கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு தொல்லை. வௌவால்கள் பலவற்றில் அங்கே ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும், அதுவும் எத்தனை தடவை என்பது ஒரே விலங்கின் உடலிலேயே மாறும். வரிசைப்படுத்தும் இயந்திரம் அந்த இடத்துக்கு வந்ததும் திணறும்.

மாதிரி எப்படி எடுக்கிறார்கள்? வௌவாலைக் கொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. மெல்லிய வலையில் பிடித்த வௌவாலைத் துணிப்பையிலிருந்து எடுத்து, ஒருவர் உடலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இறக்கையைத் தட்டையான பலகைமேல் விரிப்பார். விளக்கை அடியிலிருந்து காட்டினால் சவ்வில் ஓடும் ரத்தக்குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். அவற்றைத் தவிர்த்து, கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடத்தில் மூன்று மில்லிமீட்டர் வட்டக் கத்தியை வைத்து லேசாகத் திருகினால் ஒரு புள்ளி கழன்று வரும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, காகிதம் மாதிரியான சவ்வு. அதை இடுக்கியால் எடுத்துச் செறிவான எத்தனால் உள்ள குப்பிக்குள் போட வேண்டும். இறக்கைச் சவ்வு வியப்பூட்டும் வேகத்தில் ஆறும். சில வாரங்களில் அந்தத் துளை மூடிவிடும்.

குப்பிமேல் எழுதுவது பேனாவால் என்றால் எத்தனால் பட்டதும் எழுத்து போய்விடும். பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். நான் ஒருமுறை வெளியே மட்டும் எழுதி, ஓர் இரவு முழுக்க விழித்துச் சேர்த்த பதினொரு மாதிரிகளைப் பெயர் தெரியாத பதினொரு மாதிரிகளாக மாற்றியிருக்கிறேன். டிஎன்ஏ இனத்தைச் சொல்லியது. எந்த மரத்தில் பிடித்தேன் என்பதை யார் சொல்வது?

வாயின் உள்பக்கத்தைப் பஞ்சால் துடைத்தும், எச்சத்திலிருந்தும் டிஎன்ஏ எடுக்கலாம். எச்சத்தில் தின்ற பழத்தின் டிஎன்ஏவும் பாக்டீரியாவும் சேர்ந்தே வரும். அதற்கேற்பப் பிரைமரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த வேலையில் நோய் ஆபத்து உண்டா?

உண்டு. ஹெண்ட்ரா, நிபா வைரஸ்களுக்கு டெரோபஸ் வௌவால்களும், மார்பர்க் வைரசுக்கு எகிப்திய ரூசெட்டசும் இயற்கைப் புகலிடம். கையுறை, முகக்கவசம், முன்கூட்டியே போட்ட வெறிநோய்த் தடுப்பூசி, வனத்துறை அனுமதி. இவை இல்லாமல் வௌவாலைத் தொடாதீர்கள்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

சவ்வைக் கரைத்து டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆரில் வேண்டிய துண்டை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுத்து, வரிசைப்படுத்த அனுப்புவார்கள். துண்டு துண்டாகப் படிக்கும் சாங்கர் முறையில் ஒரு தடவைக்கு எழுநூறு, எண்ணூறு எழுத்து நன்றாக வரும். ஆகவே சைட்டோகுரோம் பி முழுதும் வேண்டுமானால் இரு முனையிலிருந்தும் படித்து நடுவில் ஒட்ட வேண்டும்.

திரும்பி வருவது நான்கு நிறத்தில் ஏறி இறங்கும் மலைத்தொடர் மாதிரியான படம். ஒவ்வொரு சிகரமும் ஓர் எழுத்து. மென்பொருள் தானே படித்துக் கொடுக்கும், ஆனாலும் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் விடக்கூடாது. ஒரே இடத்தில் இரண்டு நிறச் சிகரம் சம உயரத்தில் ஒன்றின்மேல் ஒன்று நின்றால் நிறுத்துங்கள். தாயிடமிருந்து மட்டும் வரும் டிஎன்ஏவில் இரண்டு எழுத்துக்கு என்ன வேலை? மாதிரி கலந்திருக்கலாம். அல்லது அடுத்த கேள்வியில் வரும் ஆசாமியாக இருக்கலாம்.

போலி மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என்கிறார்களே, அது என்ன?

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் துண்டுகள் எப்போதோ உட்கருவுக்குள் நழுவி, அங்கேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். 1994இல் வீட்டுப் பூனையில் ஏறத்தாழ 7,900 எழுத்து நீளமுள்ள அப்படி ஒரு துண்டைக் கண்டுபிடித்து, அதற்கு நியூமிட் என்று பெயர் வைத்தார்கள். உட்கருவுக்குள் போனபின் அதற்கு வேலை இல்லை, மெதுவாக மாறிக்கொண்டு பழைய புகைப்படம் மாதிரி கிடக்கும். பிரைமர் தவறிப்போய் அதைப் பிடித்துக்கொண்டால், உங்கள் வௌவால் உறவு மரத்தில் (யாருக்கு யார் சொந்தம் என்று காட்டும் கிளைப்படம்) சம்பந்தமில்லாத ஆழத்தில் போய் நிற்கும். ஆகா, புது இனம் என்று ஆட்டம் போட வைக்கும்.

கண்டுபிடிக்கும் வழி: வரிசையை மூன்று மூன்று எழுத்தாக, அதாவது குறியீடு குறியீடாகப் பிரித்துப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறியீடு வந்தால் சந்தேகம். ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ அந்த மூன்றெழுத்துச் சட்டகம் நகர்ந்திருந்தாலும் சந்தேகம்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது; நான் விழுந்திருக்கிறேன். முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்குக் குறியீட்டு அகராதியே கொஞ்சம் வேறு. டிஜிஏ என்பது உட்கருவில் ‘நிறுத்து’. மைட்டோகாண்ட்ரியாவில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம். ஏஜிஏ, ஏஜிஜி இரண்டும் உட்கருவில் அர்ஜினைன், இங்கே நிறுத்தம். மென்பொருளில் பொது அகராதியை விட்டுவைத்தால் நல்ல சைட்டோகுரோம் பி வரிசைகூட ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இரண்டு நாள் நான் நியூமிட் என்று நினைத்துப் பிரைமரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தவறு, ஒரு கீழ்விரி பட்டியலில் தேர்ந்தெடுக்காமல் விட்ட வரியில் இருந்தது.

மரத்தை எப்படி வரைகிறார்கள், அதை எப்படிப் படிப்பது?

எல்லா இனங்களின் வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத்துக்கு எழுத்து அடுக்குவார்கள். எந்த மாற்றம் எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்பதற்கு ஒரு கணித மாதிரியைத் தேர்ந்தெடுத்து, அந்த அடுக்கை நன்றாக விளக்கும் மரத்தைக் கணினி தேடும். வேர் எங்கே என்று தெரிய வெளிக்குழு, அதாவது குடும்பத்துக்கு வெளியே இருக்கும் உறவு ஒன்று வேண்டும். பழந்தின்னிகளுக்குக் குதிரைலாட வௌவால் பொருத்தம்.

படிக்கும்போது நுனிகள் மேலிருந்து கீழாக எந்த வரிசையில் இருக்கின்றன என்பதைப் பார்க்காதீர்கள், அதற்கு அர்த்தமே இல்லை. எந்த இரண்டு கோடுகள் எந்தக் கணுவில் சேர்கின்றன என்பதுதான் செய்தி. கணுவின் பக்கத்தில் இருக்கும் எண், பெரும்பாலும் பூட்ஸ்ட்ராப் எண். அடுக்கின் பத்திகளைக் குலுக்கி எடுத்து ஆயிரம் தடவை மரம் வரைந்தால் அந்தக் கிளை எத்தனை சதவீதம் தடவை திரும்ப வருகிறது என்று அது சொல்லும். 98 என்றால் சரி. 45 என்றால் அந்தக் கணு இல்லாதது மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பழந்தின்னிக் குடும்பத்தில் இந்தத் தொல்லை நிஜமாகவே இருக்கிறது. நுனிப் பக்கக் கிளைகள் திடமாக வரும். அடிமரத்தில் பல கிளைகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பியதால், எது முதலில் பிரிந்தது என்பதற்குத் தடயம் சொற்பம். மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களோடு உட்கரு மரபணுக்களையும் சேர்த்து 2011இல் பிரான்சிஸ்கா அல்மெய்டா குழு வெளியிட்ட மரத்திலும் அடிக்கிளைகள் குட்டையாகவே இருந்தன. இதோடு வேகமும் எதிரியாகிறது: ஏ என்பது ஜி ஆகி, மறுபடி ஏ ஆனால் நடந்த இரண்டு மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. குறியீட்டின் மூன்றாம் எழுத்துகளில் இது சீக்கிரம் நிரம்பிவிடும். சமீபத்துப் பிரிவுகளைக் காட்டிக்கொடுத்த அதே வேகம், பழைய பிரிவுகளை அழித்துவிடுகிறது.

எத்தனை சதவீதம் வேறுபட்டால் தனி இனம்?

இந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அப்படி எண் இல்லை. 2001இல் ராபர்ட் பிராட்லியும் ராபர்ட் பேக்கரும் கொறித்துண்ணிகள், வௌவால்களின் சைட்டோகுரோம் பி வரிசைகளை வைத்து ஒரு வழிகாட்டி சொன்னார்கள். 2 சதவீதத்துக்குக் கீழே என்றால் பெரும்பாலும் ஒரே இனம். 11க்கு மேலே என்றால் வேறு இனம். இடைப்பட்டதை மேற்கொண்டு ஆராய வேண்டும். இடைப்பட்டது எவ்வளவு பெரிய பரப்பு என்று பாருங்கள். அங்கேதான் நம் பிழைப்பே ஓடுகிறது.

சைனோப்டெரஸ் பிராக்கியோட்டிஸ் என்ற தென்கிழக்காசியப் பழந்தின்னி நல்ல உதாரணம். மலேசியத் தீபகற்பத்தில் இந்த ஒரே பெயரில் இரண்டு வகை திரிந்தன: திறந்த வெளிகளிலும் தோட்டங்களிலும் சற்றுப் பெரியது, காட்டுக்குள் சற்றுச் சிறியது. உருவ வேறுபாடு மட்டும் என்றால் தீனி, வயது என்று சொல்லிக் கடந்து போயிருப்பார்கள். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அவற்றை வேறு வேறு கால்வழிகளாகக் காட்டியதும், அதே பெயரின் கீழ் தென்கிழக்காசியா முழுக்க இன்னும் பல கால்வழிகள் ஒளிந்திருப்பதும் தெரிந்தது.

பிரிந்த காலத்தைச் சொல்ல முடியுமா?

முடியும், பெரிய பிழை விளிம்போடு. பாலூட்டிகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பத்து லட்சம் ஆண்டுக்கு 2 சதவீதம் விலகும் என்று ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. அதை அப்படியே போட்டுக் கணக்கிட்ட கட்டுரையைக் கண்டால் கொஞ்சம் எச்சரிக்கையாகப் படியுங்கள். இப்போது கிளைக்குக் கிளை வேகம் மாறலாம் என்று அனுமதித்து, புதைபடிவங்களை நங்கூரமாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். நங்கூரம்தான் பஞ்சம். மெல்லிய எலும்பு, வெப்பக்காடு. பழந்தின்னிகள் புதைபடிவமாவது அபூர்வம். இத்தாலியில் கிடைத்த புகழ்பெற்ற ஆர்க்கியாப்டெரோபஸ் இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோனது, அது பழந்தின்னிதானா என்பதிலும் சந்தேகம் கிளம்பிவிட்டது. ஆகவே மற்ற வௌவால்களின் புதைபடிவங்களை வைத்தே இந்தக் குடும்பத்துக்கும் தேதி போடுகிறார்கள். இன்றிருக்கும் பழந்தின்னிகளின் பொது மூதாதை ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்திருக்கும் என்று வருகிறது.

தீவுகளில் இந்த முறை என்ன காட்டியது?

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. டெரோபஸ் வௌவால்கள் இந்தியப் பெருங்கடலின் மேற்குத் தீவுகளில் இருக்கின்றன. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் பெம்பா தீவு வரை வந்துவிட்டன. பெருநிலத்தில் கால் பதிக்கவே இல்லை. இவை கிழக்கே ஆசியப் பக்கத்திலிருந்து வந்தவை. அப்படியானால் அருகிலிருக்கும் தீவில் முதலில் இறங்கி, படி படியாகத் தொலைவுக்குப் போயிருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? 2009இல் ஜான் ஓ பிரையன் குழு மைட்டோகாண்ட்ரியா வரிசைகளை ஒப்பிட்டபோது வந்த பதில் வேறு. குடியேற்றம் ஒரு தடவை நடந்ததல்ல, பல தடவை. அதிலும் மிகத் தொலைவான தீவுகளுக்கே முதலில் ஆள் போயிருந்தது. ஒரே தீவுக்கூட்டத்தில் இருக்கும் இரண்டு இனங்கள் உடன்பிறப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று.

இதற்கு நேரெதிர் ஆப்பிரிக்காவின் வைக்கோல்நிறப் பழந்தின்னி, எய்டோலான் ஹெல்வம். லட்சக்கணக்கில் கூடி வலசை போகும் வௌவால். 2013இல் அலிசன் பீல் குழு கண்டம் முழுக்கச் சேகரித்த மாதிரிகளை மைட்டோகாண்ட்ரியாவும் உட்கரு அடையாளங்களும் சேர்த்துப் பார்த்தபோது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகியிருந்தவையும் ஒரே கூட்டம் போலக் கலந்திருந்தன. கினி வளைகுடாவில் தள்ளி நிற்கும் தீவுகளின் வௌவால்கள் மட்டும் தனித்துத் தெரிந்தன. ஒன்றில் கடல் பாதையாயிற்று, இன்னொன்றில் கடல் சுவராயிற்று. வரைபடத்தைப் பார்த்து இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

மைட்டோகாண்ட்ரியா மரமும் இனங்களின் மரமும் ஒன்றுதானா?

இல்லை. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். குடும்பப் பெயர் ஒரு பாலின் வழியே மட்டும் இறங்கும் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் தொடர்ந்தால் பரம்பரையில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். மகள் பிறக்காத வௌவாலின் மைட்டோகாண்ட்ரியா அவளோடு முடிந்தது. அவளுடைய மகன்கள் வழியாக அவளுடைய உட்கரு மரபணுக்கள் காடு முழுக்கப் பறந்துகொண்டிருக்கலாம்.

இதனால் மூன்று விதமாகத் தடுமாறலாம். பெண்கள் பிறந்த இடத்திலேயே தங்கி, ஆண்கள் மட்டும் ஊர்விட்டு ஊர் போகும் இனத்தில், மைட்டோகாண்ட்ரியா ‘இவை தனித்தனிக் கூட்டம்’ என்று சொல்லும். உட்கரு ‘எல்லாம் ஒன்று’ என்று சொல்லும். இரண்டும் பொய் இல்லை.

இரண்டாவது, கலப்பு. ஒரு இனத்துப் பெண் பக்கத்து இனத்து ஆணோடு சேர்ந்து, அவளுடைய மகளும் பேத்திகளும் தந்தையின் இனத்தோடே தொடர்ந்து சேர்ந்தால், சில தலைமுறையில் உடல் முழுக்க ஒரு இனம், மைட்டோகாண்ட்ரியா மட்டும் இன்னொரு இனம். சைனோப்டெரஸ் பேரினத்தில் உட்கரு ஜீனோம், அதாவது உட்கருவின் டிஎன்ஏ, முழுக்கப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வு, அந்த இனங்களுக்கு இடையே மரபணுக் கசிவு நடந்திருப்பதைக் காட்டியது.

மூன்றாவது நுட்பமானது. மூதாதையிடம் ஏற்கெனவே பல வகை மைட்டோகாண்ட்ரியா இருந்து, இனங்கள் வேகமாகப் பிரிந்தால், எந்த வகை எந்தக் கிளைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது குலுக்கல். உட்கரு மரபணுவை ஒப்பிட்டால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரு தம்பதியிடம் உட்கரு மரபணு நான்கு பிரதி இருக்க, இது தாயின் ஒன்று மட்டும் என்பதால் சீக்கிரம் வடிகட்டிவிடும். குறைவுதான், இல்லாமல் இல்லை.

அப்படியானால் 13 மரபணுவையும் சேர்த்துப் பார்த்தால் சரியாகிவிடுமே?

ஆகாது. அந்த வளையம் துண்டாகி மறுபடி இணைவதில்லை, முழுதாகவே தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது. ஆகவே 37 மரபணுவுக்கும் ஒரே வரலாறு. முழு வளையத்தையும் படித்தால் அந்த ஒரு வரலாறு துல்லியமாகக் கிடைக்கும், அவ்வளவுதான். ஒரே சாட்சியைப் பதின்மூன்று தடவை விசாரிப்பதும் பதின்மூன்று சாட்சிகளை விசாரிப்பதும் ஒன்றல்ல. ‘13 மரபணுக்களின் ஆதரவோடு’ என்று பெருமையாக எழுதும் கட்டுரைகளை நான் இன்னும் பார்க்கிறேன்.

ஜீனோம் முழுதையும் படிக்கிற காலத்தில் இது இன்னும் தேவையா?

தேவை. குடும்பத்தின் அடிமரத்தைத் தீர்க்க வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான உட்கரு மரபணுக்களுக்குப் போய்விடுங்கள். ஆனால் வலையில் சிக்கிய குட்டி எந்த இனம், இந்த எச்சம் யாருடையது, குகையில் கிடந்த எலும்பு எதனுடையது என்பதற்கெல்லாம் இன்றும் மைட்டோகாண்ட்ரியாதான். கலப்பு நடந்ததா என்று பார்க்கவும் வேண்டும்: உட்கரு ஒன்று சொல்ல, மைட்டோகாண்ட்ரியா வேறு சொன்னால், அந்தச் சண்டையே கண்டுபிடிப்பு.

அருங்காட்சியகத் தோல்களும் இருக்கின்றன. 1984இல், அழிந்துபோன குவாக்கா என்ற வரிக்குதிரை வகையின் 140 ஆண்டுப் பழைய தோலிலிருந்து எடுத்ததும் மைட்டோகாண்ட்ரியா துண்டுகள்தான். அழிந்த விலங்கின் டிஎன்ஏவைப் படித்த முதல் முயற்சி அது. பழந்தின்னிகளில் சில இனங்கள் அழிந்தே போய்விட்டன, சில இனங்களுக்கு அருங்காட்சியகத்தில் இருக்கும் சில மாதிரிகளே எல்லாம். பழைய தோலில் டிஎன்ஏ சிறு சிறு துண்டாக நொறுங்கியிருக்கும். பிரதி அதிகம் இருப்பதால் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஃபார்மலினில் ஊறியது என்றால் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்.

மாணவர் ஒருவர் வௌவாலைத் தொடாமலே இதைச் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. ஜென்பேங்க் என்ற பொதுக் களஞ்சியத்தில் பழந்தின்னி வௌவால்களின் சைட்டோகுரோம் பி வரிசைகள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. டெரோபஸ், ரூசெட்டஸ், சைனோப்டெரஸ், மேக்ரோகுளோசஸ், மெகலோகுளோசஸ், எபோமோஃபோரஸ் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரிசை, வெளிக்குழுவாக ஒரு குதிரைலாட வௌவால். அடுக்கி, அகராதியை ‘முதுகெலும்பி மைட்டோகாண்ட்ரியா’ என்று மாற்றி, மொழிபெயர்த்துச் சரிபார்த்து, பிறகு மரம் வரையுங்கள். மெகலோகுளோசஸ் எங்கே போய் உட்காருகிறது, பக்கத்தில் என்ன எண் வருகிறது என்று பாருங்கள். அப்புறம் மூன்றாம் எழுத்துகளை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்ப வரையுங்கள். எந்தக் கணுக்கள் ஆடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். களஞ்சியத்தில் தவறான இனப் பெயரோடு கிடக்கும் வரிசைகளும் உண்டு. ஒரு வரிசை மட்டும் சம்பந்தமில்லாத கிளையில் தொங்கினால், வௌவாலைச் சந்தேகிக்கும் முன் பெயர்ச்சீட்டைச் சந்தேகியுங்கள்.